பொதிகையைப் படமெடுக்கப் போகும் தாராவிப் பிள்ளைகளுக்கு

லீவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டு வந்து, "பெரியப்பா, மலை சரியாவே விழலை" என்று போனை நீட்டுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சின்ன வயதில் ஊரை விட்டு வந்த பிள்ளைகள், முழுப்பரீட்சை லீவில் மட்டும் மலை பார்த்து வளர்ந்தவர்கள். தொண்ணூறடி ரோட்டில் காலமெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் எடுத்த கை இது. ஆனாலும் மலைப் பித்து எனக்கும் உண்டு. அந்த உரிமையில் சொல்கிறேன்.

1. முதலில் திசை. நீங்கள் கேமரா பழகியது மாத்தேரான், கர்ஜத் பக்கம். மும்பைக்காரனுக்கு மலை கிழக்கே; சாயங்கால வெயில்தான் அதன் முகத்தில் அடிக்கும். அம்பாசமுத்திரத்தில் நின்றால் அதே மேற்குத் தொடர்ச்சி மலை மேற்கே. தப்தி ஆற்றுப் பக்கம் தொடங்கிக் கன்னியாகுமரி வரை சுமார் 1,600 கிலோமீட்டருக்கு ஒரே தொடர்தான், ஆனால் நம் ஊர் அதற்கு மறுபக்கம். அங்கே விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். கல்லிடைக்குறிச்சி வயலில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் நின்றால் மடிப்பும் பிளவும் தெரியாது. கறுப்பு மதில்தான் கிடைக்கும். மழையும் அப்படித்தான். ஜூலையில் கர்ஜத்தில் மலையே காணாது. நம் பக்கம் மழை மறைவு என்பதால், ஆனி ஆடியில் கேரளத்து மேகம் முகடேறி வந்து இந்தப் பக்கம் இறங்கும்போதே கரையும், அடிவாரத்தில் வெயில் காயும். இதைப் பார்க்காமல் எத்தனை பேர் குற்றாலத்தில் குளித்துவிட்டு மட்டும் திரும்புகிறார்கள்!

2. வைடு லென்ஸ் வேண்டாம். நினைவில் வானத்தை அடைத்துக்கொண்டு நின்ற மலை படத்தில் வரப்பு மாதிரி கிடப்பதற்கு அதுதான் காரணம். போனில் தானாகத் திறக்கிற கேமராவும் வைடுதான். பக்கத்தில் இருப்பதை ஊதிப் பெரிசாக்கும், தூரத்தில் இருப்பதைச் சுருக்கும். மலை சிறிதாகத் தெரிகிறதே என்று எல்லாரும் அதை நோக்கி நடக்கிறார்கள். நீங்கள் பின்வாங்குங்கள். ஒரு ஒற்றைப் பனையை விட்டு நன்றாகத் தள்ளி வந்து டெலி லென்ஸில் பாருங்கள்: பனை அதே அளவில் நிற்கும், மலை அதன் பின்னால் எழும்பி வரும். போனில் தனி ஜூம் லென்ஸ் இருந்தால் அது எத்தனை மடங்கோ அத்தனையோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் இழுத்தால் வெறும் புள்ளி.

3. குத்தவைத்து எடுங்கள். ஏழெட்டு வயதில் நீங்கள் பார்த்தது மூன்றரை அடி உயரத்திலிருந்து. ஐப்பசியில் பிசான நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில், நாற்றுகளுக்கு நடுவே மலை தலைகீழாகக் கிடக்கும். நின்றபடி எடுத்தால் அதில் பாதி தப்பிவிடும்.

4. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 14 வயதில், 1916இல், பெட்டிக் கேமராவோடு யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போனவர். அதன்பின் சாகும்வரை வருஷம் தவறாமல் அங்கே போனார். 1927 ஏப்ரலில் அங்குள்ள ஹாஃப் டோம் பாறையின் முன் நிற்கும்போது கையில் மிஞ்சியது இரண்டே கண்ணாடித் தகடுகள். ஒன்றை மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். தான் உணர்ந்த கம்பீரம் அதில் வராது என்று பட்டது. மற்றதை அடர்சிவப்பு ஃபில்டரில் எடுத்தார், வானம் கறுத்துப் பாறை எடுப்பாக நின்றது. பொய்யா என்று கேட்டால், இல்லை என்பேன். போனில் கறுப்பு வெள்ளையாக்கி நீலத்தை இறக்கினால் கிட்டத்தட்ட அதுவே வரும். ஆனால் இல்லாத மேகத்தை ஒட்டவைக்காதீர்கள்.

5. காற்றாலை, செல்போன் டவர், புதுக் கல்யாண மண்டபம் எல்லாம் குறுக்கே வரும். வரட்டும். அழித்துவிட்டால் அது எந்த வருஷத்துப் படம் என்று யாருக்கும் தெரியாது.

6. பாபநாசத்துக்கு மேலே காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். செக்போஸ்ட்டில் என்ன சொல்கிறார்களோ அதுதான். ட்ரோனை தாராவியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

7. சாரலுக்கு ஒரு பழைய துவர்த்து.

8. உங்களில் மாஞ்சோலை எஸ்டேட் குடும்பம் யாராவது இருந்தால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அங்கே போக வழி பாருங்கள். அந்த நிலத்தைச் சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த பம்பாய் பர்மா கம்பெனிக்குத் தலைமை அலுவலகம் இதே மும்பையில்தான். குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், தொழிலாளிகளுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்திவிட்டார்கள். நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி என்று தலைமுறைகள் குடியிருந்த இடம். தேயிலைச் சரிவை எல்லாரும் எடுத்துவிட்டார்கள். நீங்கள் லைன் வீட்டு வாசலை, தண்ணீர்க் குழாயை, பள்ளிக்கூடத்துச் சுவரை எடுங்கள். மலை அங்கேயே இருக்கும். வீடுகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

9. ஒவ்வொரு படத்துக்கும் நின்ற இடம், பார்த்த திசை, தேதி, மணி எழுதிவையுங்கள். 'விக்கிரமசிங்கபுரம், கால்வாய்க் கரை, மேற்கே பார்த்து, தை 5, காலை ஏழு' என்கிற அளவுக்கு இருக்க வேண்டும். உங்கள் பிள்ளை போனாலும் அதே இடத்தில் நின்று எடுக்க முடியும். வெறுமனே 'பொதிகை' என்று எழுதிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.