ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுமுன் கேஸ் இருக்கான்னு பாருங்க



நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுபவர் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. நம்ம குழுவில் ஒரு சகோதரி இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

"அக்கா, வீட்டுக்காரருக்கு வெளிநாட்டுல டிரைவர் வேலை வந்திருக்குதுங்க. ஏஜென்ட்டுக்குக் கட்டக் கடன் வேணும்."

"அவரு மேல கேஸ் ஏதாவது இருக்குதா கண்ணு?" என்று ஊக்குநர் கேட்கிறார்.

"முன்னால ஆந்திராவுல ஒரு ஆக்சிடென்ட்டுங்க. ஒருத்தர் இறந்துட்டாரு. இன்சூரன்ஸ்ல நஷ்டஈடு கொடுத்தாச்சு. ஓனரே எல்லாத்தையும் பாத்துக்கிட்டாரு."

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். நஷ்டஈடு வழக்கு வேறு, டிரைவர் மீதான குற்ற வழக்கு வேறு. முதலாவது முடிந்தாலும் இரண்டாவது கோர்ட்டில் கிடக்கலாம்.

பல நாடுகள் விசாவுக்கு பி.சி.சி. என்னும் போலீஸ் சான்று கேட்கின்றன. பாஸ்போர்ட் சேவா மூலம் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் ரூ.500. போலீஸ் விசாரணையில் பழைய வழக்கு தெரிந்தால் சான்று நின்றுவிடும். ஏஜென்ட்டிடம் பணம் போயிருக்கும். கடனுக்கு வட்டி மட்டும் ஓடும்.

முன்கூட்டியே பார்ப்பது எப்படி?

1. ஓனரிடம் எஃப்.ஐ.ஆர். எண், ஸ்டேஷன் பெயர், வக்கீல் பெயர் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

2. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் எந்த மாநில வழக்கையும் இலவசமாகப் பார்க்கலாம். மாநிலம், மாவட்டம் தேர்ந்தெடுத்து, பெயரையோ எஃப்.ஐ.ஆர். எண்ணையோ போட்டுத் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் எழுத்து மாற்றி மாற்றித் தேடிப் பாருங்கள். படிக்கிற பிள்ளைகள் செல்போனிலேயே பார்த்துச் சொல்வார்கள்.

3. வழக்கு முடிந்திருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி பத்திரப்படுத்துங்கள்.

வழக்கு இருந்தால்?

மறைக்கவே கூடாது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பொய் சொன்னால் 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். வழி இல்லாமல் இல்லை. வழக்கு நடக்கும் கோர்ட்டில் வெளிநாடு செல்ல அனுமதி வாங்கினால் பாஸ்போர்ட் பெற 1993-ம் ஆண்டு அறிவிப்பு இடம் தருகிறது. கோர்ட் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத்தான் கிடைக்கும். வெறும் எஃப்.ஐ.ஆர். மட்டும் போட்டு, கோர்ட் அதை விசாரணைக்கு ஏற்காமல் இருந்தால், அது நிலுவை வழக்கு ஆகாது என்று வெளியுறவுத் துறை 2019-ல் தெளிவுபடுத்தியுள்ளது.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்களின் சொந்த வழக்குக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள்.

குழுவில் பேசுங்கள்

- குடிதண்ணீருக்காகக் காலிக் குடத்தோடு சாலை மறியல் செய்தோமே, நம் பெயரிலும் வழக்கு இருக்குமோ?
- வெளிநாட்டு வேலைக்குக் கடன் கேட்டால், வழக்கு விவரம் பார்த்த பிறகே தீர்மானம் எழுதலாமா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது விடையோடு வாங்க!