சிறைக்கோட்டமும் மருத்துவமனையும்

குற்றம் புரிந்தோனை ஒறுத்தல் அரசின் கடன் என்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்ததே. ஆயின், அக்குற்றத்தின் வேர் ஒரு நோயாக இருப்பின், ஒறுத்தல் மட்டும் அமையுமோ? போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டவனைச் சிறையிலிட்டால் அவன் உடல் அடங்கும். வேட்கை அடங்குமென்பது உறுதியன்று. ஹெராயின் உண்டு பழகியவன் சிறையில் அதனை விட்டிருக்குங்கால், அதனைத் தாங்கும் ஆற்றல் அவன் உடலிற் குறைந்து போகின்றது. விடுதலையான பின்னர்ப் பழைய அளவையே மீண்டும் கொள்வானாயின், அவ்வளவே அவனுக்கு எமனாதலும் உண்டு. ஆகவே, இது மானத்தைப் பற்றிய வினா மட்டுமன்று. உயிரைப் பற்றிய வினாவுமாம்.

இவ்வுண்மையை நம் நாட்டுச் சட்டம் அறியாததன்று. போதைப்பொருள் பற்றிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு நீதிபதிக்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கின்றது. போதைப்பொருளை உட்கொண்ட குற்றமோ, சிற்றளவுப் பொருள் பற்றிய குற்றமோ மெய்ப்பிக்கப்பட்ட அடிமைநோயாளனை, அவன் இசைவு பெற்று, சிறைக்கு அனுப்பாது, அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற மருத்துவமனைக்கு அனுப்பலாம். சிற்றளவாவது கஞ்சாவாயின் 1 கிலோகிராம். ஹெராயினாயின் 5 கிராம். ஓராண்டுக்குள் அவன் நீதிமன்றத்தில் தோன்றிச் சிகிச்சையின் பயனை அறிக்கையாகக் காட்டல் வேண்டும். அது நன்றாயின், மூன்றாண்டுக்கு மேற்படாத பிணைப்பத்திரத்தின்பேரில் விடுதலை பெறலாம். தவறின், தண்டனையை ஏற்றல் வேண்டும். 64அ பிரிவோ, இத்தகைய குற்றஞ்சாட்டப்பட்டவன் தானே சிகிச்சையை நாடி முடிப்பானாயின் வழக்கினின்றும் காக்கின்றது.

நிற்க. போதைக்குப் பொருள் வேண்டித் திருடியவன் நிலை யாது? 39ஆம் பிரிவு அவனுக்கு உதவாது. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் ஓரளவு கைகொடுக்கின்றது. அதன்படி விடுவிக்கப்படுவோனுக்கு மயக்கப்பொருளை விலக்கல் வேண்டுமென நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். ஆனால், விலக்குக எனக் கட்டளையிடுதல் எளிது. விலக்கும் வலியைத் தருவது மருத்துவமே.

அம்மருத்துவத்தின் இயல்பை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அடையாற்றை அடுத்த இந்திரா நகரில், சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை உளது. அங்கே நோயாளனுக்கு மருந்தோடு அறிவுரையும் அளிக்கின்றனர். அவன் குடும்பத்தாரையும் சிகிச்சையிற் சேர்த்துக்கொள்கின்றனர்.

மயிலாப்பூரில் தோன்றியவரெனக் கர்ணபரம்பரை கூறும் திருவள்ளுவர், கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரத்தும், மருந்தினை 95ஆம் அதிகாரத்தும் வைத்தார். மருத்துவத்திற்கு நோயாளன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்கு உறுப்பு உண்டென்பது அவர் கருத்து. முதல் மூன்றையும் நீதிமன்றம் ஓராணையால் ஓரிடத்திற் கூட்டிவிடலாம். நான்காமவனை எவ்வாணையும் படைக்கவியலாது. அவ்விடத்தில் நிற்கவேண்டியவர் மனைவி, தாய், அயலார், வேலை கொடுப்போர் ஆகியோரே.

சிகிச்சை முடிந்து திரும்புவோனுக்குத் தெரு கதவடைக்குமாயின், சட்டம் திறந்த கதவு வீணாகும். நாளை வழக்கறிஞராகவும், ஆசிரியராகவும், அதிகாரியாகவும் விளங்கவிருக்கும் மாணவ நண்பர்காள்! அந்நான்காம் உறுப்பாக நிற்றற்கு நாம் சித்தமாயிருப்போமாக.