மக்கள் மன்றமும் மக்கள் மொழியும்

ஹைதராபாத் நகரில் பொதுப் பூங்காவை அடுத்து வெண்ணிறக் கட்டிடம் ஒன்றுள்ளது. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் நாற்பதாவது பிறந்த நாள் நினைவாக, பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டு எழுப்பப்பட்ட அந்நகர மண்டபம் 1913-இல் நிறைவு பெற்றது. பின்னர் சட்டசபையின் இருப்பிடமாயிற்று. மக்கள் பணத்தால் எழுந்த மண்டபம் மக்கள் மன்றமாவது பொருத்தமே. ஆயின், மன்றத்தின் கதவு மக்களுக்கு எந்த அளவு திறந்துள்ளது?

முதற்படி, அவை நடவடிக்கைகளை மக்கள் அறிதல். அவற்றை உண்மையாக வெளியிடும் பத்திரிகைகளுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளித்தது. நெருக்கடி நிலையின்போது 1976-இல் நீக்கப்பட்ட அப்பாதுகாப்பு 1977-இல் மீட்கப்பட்டது. 2006-இல் மக்களவைக்கெனத் தனித் தொலைக்காட்சியும் ஏற்பட்டது.

இரண்டாம் படி, கருத்துரைத்தல். மசோதா நகலை விளக்கக் குறிப்புடன் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும் என மத்திய அரசு 2014-இல் நெறிமுறை வகுத்தது. எனினும் இது நிர்வாக முடிவேயன்றிச் சட்டமன்று.

மூன்றாம் படி, மனுச் செய்தல். அறிமுகமான மசோதா பற்றியும் பொதுநலப் பொருள் பற்றியும் குடிமகன் மக்களவைக்கு மனு அனுப்பலாம். அமைச்சர்கள் இடம்பெறாத 15 உறுப்பினர் கொண்ட மனுக்கள் குழு அதனை ஆராயும்.

இங்கேதான் மொழித்தடை குறுக்கிடுகிறது. இந்தி அல்லாத இந்திய மொழியில் எழுதப்பட்ட மனுவுடன், மனுதாரர் கையொப்பமிட்ட இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்கப்படல் வேண்டும். தெலுங்கோ உருதுவோ மட்டும் அறிந்த ஹைதராபாத் தொழிலாளி, தாம் படித்தறிய இயலாத வாசகத்திலும் கையொப்பமிட நேர்கிறது. அரசு அதிகாரிகளிடம் குறை தீர்க்க வேண்டி ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் முறையிடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 350-ஆவது விதி அளிப்பதை இதனுடன் ஒப்பிட்டு நோக்குக.

உறுப்பினர்களுக்கான வசதி வேகமாக வளர்ந்துள்ளது. மக்களவை உரைகளை உடனுக்குடன் மொழிபெயர்க்கும் ஏற்பாட்டில் 2025 பிப்ரவரியில் உருது உட்பட மேலும் ஆறு மொழிகள் சேர்க்கப்பட்டன. உறுப்பினரின் செவிக்குக் கிட்டிய இவ்வசதி குடிமகனின் மனுவுக்கும் கிட்டுதல் வேண்டும். மனுவை அவரவர் மொழியிலேயே ஏற்று, மொழிபெயர்க்கும் பொறுப்பைச் செயலகம் மேற்கொள்ளலாம். மசோதா நகலின் சுருக்கத்தையும் மாநில மொழிகளில் வெளியிடலாம்.

பார்வையாளர் மாடத்தில் இடம் அளிப்பது முதற்படியே. குடிமகனின் சொல்லை அவன் மொழியிலேயே கேட்கும்போதுதான் மன்றம் முழுமையாகத் திறந்ததாகும்.