மகளின் நேர்ச்சையும் தகப்பனின் மறுப்பும்

பருவமடைந்த மகள் ஒரு நேர்ச்சை செய்துவிடுகிறாள். தகப்பனார் கேட்டுவிட்டு, "அதெல்லாம் வேண்டாம்" என்று கூறிவிடுகிறார். நேர்ச்சை நீங்கிவிட்டதா? நம் இல்லங்களில் எழும் இக்கேள்வியை, முந்தைய உம்மத்தின் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

பனூ இஸ்ராயீல்களின் இச்சட்டம், இன்றைய பைபிளில் எண்ணாகமம் 30-வது அதிகாரத்தில் காணப்படுகிறது. (தமிழ் பைபிளில் நேர்ச்சையைப் 'பொருத்தனை' என்பர்.) ஆண் நேர்ந்தால் அது அவன்மீது கடமை. தகப்பன் வீட்டிலுள்ள இளம்பெண் நேர்ந்தாலோ, தகப்பன் அதைக் கேட்ட நாளிலேயே மறுத்தால் நேர்ச்சை நீங்கும். இறைவன் அவளை மன்னிப்பான். மணமானவளுக்குக் கணவன் அவ்வாறே. விதவையும் தலாக்கானவளும் செய்த நேர்ச்சையைத் தட்ட எவருமில்லை.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 'ஒரு நாள்'தான். கேட்டுவிட்டு மௌனமாயிருந்தால் சம்மதித்ததாகவே பொருள். பின்னர் கணவன் தடுப்பானாகில், பாவம் அவள்மீதன்று, அவன்மீது! சுமார் கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னா இதை மேலும் நுணுக்கமாக்கிற்று. நாள் என்பது 24 மணி நேரமன்று, அன்று இருட்டும்வரைதான். அந்தி மங்கும் வேளையில் செய்தி கேட்ட தகப்பனுக்குச் சில நிமிஷங்களே மிச்சம். நிச்சயிக்கப்பட்ட இளம்பெண்ணாயின் தகப்பனும் மணமகனும் இருவருமே ரத்துச் செய்தாக வேண்டும். பன்னிரண்டரை வயதைக் கடந்துவிட்டவளிடம் தகப்பனுக்கு இவ்வதிகாரமே இல்லை.

நமது ஷரீஅத்தில் நேர்ச்சை, செய்தவரின் பொறுப்பாகும். சிறுமியின் நேர்ச்சை செல்லாது; பருவமடைந்து புத்தி சுவாதீனமுள்ளவளின் நேர்ச்சையோ அவள்மீது நிற்கும். தகப்பனின் ஒரு சொல்லால் அது அழிவதில்லை. கணவரின் உரிமையைத் தொடுமிடத்தில் அவர் அனுமதி பார்க்கப்படும் என்பது வேறு விஷயம். பாவமான காரியத்துக்கு நேர்ந்தால் நிறைவேற்றக் கூடாதென்பது ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ். அங்கே தடுப்பது தகப்பனல்ல, மார்க்கம். (மகன் பரீட்சையில் தேறத் தாய் நேர்ந்த நோன்பை மகள் தலையில் கட்டுவதும் சில வீடுகளில் நடக்கிறது. அது தாயின் கடன்.)

இம்ரானின் மனைவி தம் வயிற்றிலிருந்த சிசுவை அல்லாஹ்வுக்கென நேர்ந்ததைக் குர்ஆன் (3:35) கூறுகிறது. எவரிடமும் அனுமதி கேட்டதாக அங்கே இல்லை.

உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்களின் சகோதரி, கஃபாவுக்கு நடந்தே செல்வதாக நேர்ந்துகொண்டார்கள். சகோதரர் அதைத் தாமே ரத்துச் செய்யவில்லை. நபி (ஸல்) அவர்களிடம் சென்று கேட்டார்கள். நடக்கவும் செய்யட்டும், வாகனத்தில் ஏறவும் செய்யட்டும் என்று பதில் வந்தது.