எழுத்து எங்கே போனது? – வசன வரிகளைக் காக்கும் பதிவுக் கருவியைத் தேர்ந்தெடுப்போம்

எட்டாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் ஒரு சிறுதேர்வு வைத்திருந்தேன். செவித்திறன் குறைந்த மாணவி ஒருத்தியின் தாளில் எல்லா இடத்திலும் ‘ஒளி விலகல்’ என்பதற்குப் பதிலாக ‘ஒலி விலகல்’ என்றே இருந்தது. எழுத்துப் பிழை என்று ஐந்தாறு இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டேன். தாளை வாங்கிய அவள், “டீச்சர், வீட்டுல போன்ல பாத்தப்ப கீழ எழுத்து வந்துச்சு. நம்ம கிளாஸ் டி.வி.யில வரல” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘ல’கரத்துக்கும் ‘ள’கரத்துக்கும் வேறுபாடு நாக்கின் நுனியில் இருக்கிறது, உதட்டில் இல்லை. காதொலிக் கருவி அணிந்து, உதட்டசைவையும் பார்த்துப் பாடம் கேட்கும் பிள்ளைக்கு ஒளியும் ஒலியும் ஒன்றுதான். எழுத்தில் பார்த்தால் மட்டுமே வேறு. அந்த எழுத்து பாடக் காணொலியில் இருந்தது. பள்ளியில் இணையம் சரியாகக் கிடைக்காததால் நான் அதைப் பென்டிரைவில் இறக்கி வந்தபோது காணாமல் போயிருந்தது. பிழை அவளுடையது அல்ல.

வசன வரிகள் இரண்டு வகை

எழுத்து எப்படிக் காணாமல் போகும்? படத்தோடு படமாகவே பதிந்துவிட்ட வரிகள் ஒரு வகை. இதை ஓப்பன் கேப்ஷன் என்பார்கள். இவற்றை அணைக்க முடியாது. படத்தை எப்படி நகலெடுத்தாலும் கூடவே வரும். மற்றொரு வகை, படத்துக்கு வெளியே தனித் தகவலாக வருவது. வேண்டுமானால் காட்டலாம், வேண்டாம் என்றால் மறைக்கலாம். இதுதான் குளோஸ்டு கேப்ஷன். ‘சி.சி.’ என்ற பொத்தானை அழுத்தினால் தோன்றுவது இதுவே. படத்தை மட்டும் நகலெடுத்தால் இந்த வகை பின்தங்கிவிடும். எனக்கு நேர்ந்தது அதுதான்.

இது புதிய சிக்கலும் அல்ல. அமெரிக்காவில் 1980-இல் குளோஸ்டு கேப்ஷன் ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியபோது, திரையில் தெரியாத 21-ஆம் வரியில் எழுத்துக்கான தகவலை ஒளித்து அனுப்பினார்கள். அந்தத் தகவல் மெதுவாக வந்ததால் சாதாரண வி.எச்.எஸ். நாடாவிலும் பதிந்தது. பிரிட்டனில் டெலிடெக்ஸ்ட் முறையில் அனுப்பிய வரிகள் வேகமானவை. அவற்றை அதே நாடாவால் ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை. படம் தெளிவாகப் பதியும் கருவியில் எழுத்தும் பதியும் என்று நம்ப முடியாது என்பதை அன்றே கண்டிருக்கிறார்கள்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

பதிவுக் கருவி வாங்கும்போது நான் இப்போது கேட்பது ஒன்றுதான்: எழுத்தைத் திரையில் வரைவது யார்?

செட்டாப் பாக்ஸோ மடிக்கணினியோ வரைந்து அனுப்புகிறது என்றால், அதற்குப் பின்னால் இணைக்கும் எந்தக் கருவியும் எழுத்தைப் படமாகப் பிடித்துவிடும். தொலைக்காட்சிப் பெட்டியே வரைகிறது என்றால், அதற்கு முன்னால் நிற்கும் கருவிக்கு எழுத்து கிடைக்காது. இந்தக் கேள்வியோடு கடையில் கிடைக்கும் கருவிகளைப் பார்ப்போம்.

1. யு.எஸ்.பி. பதிவு வசதியுள்ள செட்டாப் பாக்ஸ்: ஒளிபரப்பை வந்தபடியே சேமிக்கும் பெட்டி என்றால், தனித் தகவலாக வரும் வரிகளும் பதிவில் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் கட்டண டி.டி.எச். பெட்டிகள் பெரும்பாலும் பதிவைப் பூட்டியே சேமிக்கின்றன. பதிவு செய்த பெட்டியில் மட்டுமே அது ஓடும். வீட்டில் பதிவு செய்த பாடத்தை வகுப்பறைத் தொலைக்காட்சியில் செருகி, ‘கோப்பு திறக்கவில்லை’ என்ற செய்தியை நாற்பது பிள்ளைகளோடு சேர்ந்து நானும் படித்திருக்கிறேன்.

2. எச்.டி.எம்.ஐ. பதிவுக் கருவி: செட்டாப் பாக்ஸ் அல்லது மடிக்கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே இணைப்பது. எச்.டி.எம்.ஐ. கம்பியில் குளோஸ்டு கேப்ஷன் தனித் தகவலாகப் போவதில்லை. எனவே மூலக் கருவியில் சி.சி.யை இயக்கிவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும். மறந்தால் முழுப் பாடமும் எழுத்தின்றிப் பதியும். இதில் பதியும் வரிகளைப் பிறகு அணைக்க முடியாது. வகுப்பறைக்கு அது குறையும் அல்ல. பாதுகாக்கப்பட்ட கட்டண நிகழ்ச்சிகளை இவ்வகைக் கருவிகள் பதிவதில்லை, நாமும் முயல வேண்டாம். கற்பித்தலுக்கு அனுமதிக்கப்பட்ட பாடங்களையே பதிவோம்.

3. கணினியில் பொருத்தும் டி.வி. டியூனர்: பதிவை ‘டி.எஸ்.’ வடிவில் சேமித்தால் ஒளிபரப்பில் வந்த வரிகளையும் சேர்த்துக் காக்கலாம். இடம் மிச்சமாகட்டும் என்று அதை எம்.பி.4 ஆக மாற்றும்போதுதான் வரிகள் தொலைகின்றன. மாற்றுவதற்கு முன் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

மடிக்கணினி இருந்தால் தனிக் கருவியே வேண்டாம். சி.சி.யை இயக்கித் திரைப் பதிவு செய்தால் எழுத்தும் படத்தோடு வந்துவிடும்.

கடையிலேயே இரண்டு நிமிடச் சோதனை

“எல்லாமே ரெக்கார்டு ஆகும் மேடம்” என்றுதான் கடைக்காரர் சொல்வார். சொல்லை நம்பாமல், வசன வரிகள் உள்ள பாடம் ஒன்றை உங்கள் மடிக்கணினியில் கொண்டு செல்லுங்கள். வரிகளை இயக்கி இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். பதிவைப் பென்டிரைவில் எடுத்து, கடையிலுள்ள வேறொரு தொலைக்காட்சியில் ஓட்டிப் பாருங்கள். எழுத்து தெரிகிறதா? தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா? கடைசி வரிசைப் பிள்ளை படிக்கும் அளவில் இருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் மட்டும் பில் போடச் சொல்லுங்கள்.

வரிகளே இல்லாத பாடத்துக்கு

நல்ல பாடங்கள் பலவற்றில் வசன வரிகளே இருக்காது. அவற்றுக்கு நாமே எழுதலாம். நோட்பேடில் இப்படித் தட்டச்சு செய்தால் போதும்:

1
00:00:05,000 --> 00:00:09,000
ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் செல்லும்போது

2
00:00:09,000 --> 00:00:13,000
அதன் வேகம் குறைகிறது.

முதலில் வரிசை எண், அடுத்து தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், பிறகு வசனம், ஒரு வெற்று வரி. கோப்பை யு.டி.எஃப்-8 முறையில் சேமித்து, காணொலிக்கு உள்ள அதே பெயரையும் ‘எஸ்.ஆர்.டி.’ என்ற பின்னொட்டையும் கொடுத்து, அதே கோப்புறையில் வையுங்கள். வி.எல்.சி. மென்பொருளில் காணொலியைத் திறந்தால் வரிகளும் சேர்ந்து வரும்.

கணினி தானாக உருவாக்கும் வரிகளை அப்படியே ஏற்க வேண்டாம். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகியவற்றில் அது நம் பிள்ளைகளைப் போலவே தடுமாறும். அதைத் திருத்தும் வேலையை என் வகுப்பில் குழுக்களாகப் பிரித்துக் கொடுத்தேன். ஐந்து நிமிடப் பாடத்துக்கு இரண்டு பாடவேளை ஆனது. அந்த இரண்டு பாடவேளையில் பிள்ளைகள் பாடத்தை வரி வரியாகக் கேட்டார்கள், படித்தார்கள், ‘இது எந்த ல?’ என்று சண்டையும் போட்டார்கள். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கும் அது நல்ல பயிற்சியாக அமைந்தது.

சலுகை அல்ல, உரிமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு, சைகை மொழி பெயர்ப்பு ஆகியவற்றோடு குளோஸ்டு கேப்ஷன் வசதியையும் குறிப்பிடுகிறது. ஒளிபரப்பில் வந்து சேர்ந்த எழுத்தை, வகுப்பறைக்குக் கொண்டு வரும் வழியில் நாம் தொலைத்துவிடக் கூடாது.

அந்தத் தேர்வுத்தாளில் நான் போட்ட வட்டங்களை அடித்துவிட்டு மதிப்பெண்ணைத் திருத்தினேன். வரிகளோடு பாடத்தை மறுபடி ஓட்டியபோது, முதல் வரிசையில் இருந்த அவள் திரையைப் பார்த்து ‘ஒளி’ என்று நோட்டில் எழுதினாள். பாடம் முடிந்ததும் இன்னொன்றும் சொன்னாள்: “டீச்சர், நீங்க போர்டுல எழுதிக்கிட்டே பேசாதீங்க. உங்க வாய் தெரியல.”

பதினெட்டு ஆண்டுகளாக நான் அப்படித்தான் பேசிவந்தேன். இப்போது எழுதி முடித்து, திரும்பி நின்று பேசுகிறேன். இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.