நரம்பில் தாவிச் செல்லும் செய்தி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

கல்லில் கால் இடறினால் முதலில் சுரீரென்று வலிக்கிறது. சற்றுப் பின் விண்விண்ணென்ற வலி தொடர்கிறது. இடறியது ஒருமுறை, வலி இருமுறை வருவானேன்? முதல் வலியைக் கொணரும் நரம்பிழைகளுக்கு மயலின் உறை உண்டு. இரண்டாவதைக் கொணரும் இழைகளுக்கு அது இல்லை. அவ்வுறையின் பணியை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

நரம்பைத் தந்திக் கம்பிக்கு ஒப்பிடுவது வழக்கம். ஆயினும் நரம்புத் துடிப்பு கம்பியில் பாயும் மின்சாரம் போன்றதன்று. ஓய்விலுள்ள இழையின் உட்புறம், வெளிப்புறத்தை நோக்க ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். தூண்டப்பட்ட இடத்தில் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அவ்விடம் கணநேரம் நேர்மின் நிலை அடைகிறது. பின் பொட்டாசியம் அயனிகள் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. இம்மாற்றம் அடுத்த இடத்தைத் தூண்டுகிறது. உறையற்ற வலி இழைகளில் இவ்வாறு படிப்படியாக நகரும் துடிப்பின் வேகம் நொடிக்குச் சுமார் 0.5 முதல் 2 மீட்டர்தான்.

உறையுள்ள இழையில் நடப்பது வேறு. ஸ்வான் செல்கள் பாயைச் சுருட்டியது போல இழையைப் பல சுற்றுகள் சுற்றியிருக்கின்றன. கொழுப்பு மிகுந்த இச்சுற்றுகளே மயலின் உறை. இது மின்கசிவைத் தடுக்கிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு சிறு இடைவெளி உண்டு. அதுவே ரான்வியர் கணு. சோடியம் வாயில்கள் இக்கணுக்களிலேயே செறிந்துள்ளன. ஆகவே துடிப்பு கணுவுக்குக் கணு புதுப்பிக்கப்பட்டுத் தாவிச் செல்கிறது. ஹக்ஸ்லியும் ஸ்டாம்ப்ஃப்லியும் 1949-இல் இதற்குச் சோதனைச் சான்று வெளியிட்டனர். மனிதனின் பருத்த உறையிழைகளில் வேகம் நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டும்.

ஊசிக்கணவாயின் உறையற்ற இராட்சத இழை 0.5 மில்லிமீட்டர் தடிமனில் எட்டும் வேகம் நொடிக்கு 25 மீட்டர். தவளையின் உறையிழை வெறும் 0.012 மில்லிமீட்டர் தடிமனிலேயே அதே வேகத்தை எட்டிவிடுகிறது! உறையில்லையேல் நம் முதுகுத்தண்டில் இத்தனை விரைவு இழைகளுக்கு இடமேது?

இத்துணைப் பயனுள்ள ஸ்வான் செல்களில்தான் தொழுநோய்க் கிருமி குடியேறுகிறது. நரம்பு பழுதுபட்டால் சூடும் வலியும் தெரிவதில்லை. அதனால் காயங்கள் கவனிப்பாரின்றிப் புண்ணாகின்றன. இந்நோயைச் சாபமென்று மறைப்போர் இன்றும் உளர். உணர்ச்சி குறைந்த, நிறம் மங்கிய தேமலைக் கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். கூட்டு மருந்துச் சிகிச்சையால் இது குணமாகும். அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து இலவசம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்துள்ள என்னைப் போன்றோர், வகுப்பில் கற்ற இதனை ஊரில் எடுத்துரைப்பது கடமையாகும்.