போன் மக்கர் பண்ணினால் ரீசெட்டைத் தொடாதே, பாப்பா

அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படம் என்னிடம் ஒன்றுகூட இல்லாதது ஏன் தெரியுமா? லோகோவிலேயே நின்றுவிட்ட போனைக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் ஃபேக்டரி ரீசெட் அடித்து, "சரியாயிடுச்சு மேடம்" என்று நீட்டினார். புதுசு மாதிரிதான் இருந்தது, உள்ளேயும்! இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும். ரீசெட்டில் அதன் சாவியே போய்விடும். அப்புறம் எந்த ரெக்கவரி சாஃப்ட்வேருக்குக் காசு கட்டினாலும் தண்டம்தான்.

அதனால் லோகோவில் நின்றால் முதலில் சேஃப் மோடு. நாம் ஏற்றிய ஆப்களை ஒதுக்கிவைத்துவிட்டு போன் எழும். பல சமயம் வில்லன் நேற்று ஏற்றிய ஆப்தான். அதற்கும் எழாவிட்டால் ரெக்கவரி மெனு. பல போன்களில் பவரோடு வால்யூம் பட்டனைச் சேர்த்து அமுக்கினால் வரும். அதில் 'வைப் கேஷ் பார்டிஷன்' இருந்தால் தாராளமாகச் செய், படம் போகாது. ஆனால் அதை ஒட்டியே 'வைப் டேட்டா' உட்கார்ந்திருக்கும். விரல் நழுவினால் தீர்ந்தது. தேர்ந்தெடுக்கப் பவர் பட்டனை அமுக்கும் முன் வரியை வாய்விட்டுப் படி.

ஐபோனா? ரெக்கவரி மோடில் வைத்துக் கம்ப்யூட்டரில் செருகினால், 'அப்டேட்'டா, 'ரீஸ்டோரா' என்று அது கேட்கும். முதலில் அப்டேட், அது டேட்டாவை அழிக்காமல் சிஸ்டத்தை மட்டும் மறுபடி ஏற்றப் பார்க்கும்.

டிஸ்ப்ளே கறுத்துப்போய் ரிங் மட்டும் கேட்கிறதா? அணைத்துவிடாதே. அணைத்துப் போட்டால் பின் நம்பர் போடும்வரை உள்ளே இருப்பது பூட்டியே கிடக்கும். இங்கேதான் கம்ப்யூட்டரிலிருந்து போனோடு பேசும் ஏடிபி என்ற கருவி கைகொடுக்கும். கூகுள் இலவசமாகத் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸில் அது இருக்கிறது. அதோடு ஒரு மென்பொருள்: எஸ்சிஆர்சிபிஒய் என்று உயிரெழுத்தே இல்லாமல் எழுதிவிட்டு 'ஸ்க்ரீன் காப்பி' என்று படிக்கச் சொல்கிறார்கள். உன் போன் திரை அப்படியே லேப்டாப்பில் வரும், மௌஸால் தட்டலாம். போன தீபாவளிக்குச் சித்தி போனை இப்படித்தான் பிழைக்கவைத்தேன்.

ஆனால் யுஎஸ்பி டீபக்கிங்கை முன்னாடியே போட்டிருக்க வேண்டும். 'அபவுட் போன்' போய் பில்ட் நம்பரை 7 தடவை தட்டு, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதற்குள் இருக்கிறது. லேப்டாப்பில் செருகியதும் 'இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கவா?' என்று போன் கேட்கும். டிக் போட்டு அனுமதி கொடு. இல்லாவிட்டால் 'அன்ஆதரைஸ்டு' என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு 11 முதல் அந்த அனுமதியும் 7 நாள் செருகாமல் விட்டால் காலாவதி. அதை நிறுத்தும் ஸ்விட்சும் அங்கேயே உண்டு. போன் எதையுமே கேட்காவிட்டால் கேபிளை மாற்று. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளோடு நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

சில பேங்க் ஆப்கள் டீபக்கிங் ஆனில் இருந்தால் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். எல்லோரும் எப்போதும் போட்டுவையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உன் பழைய போன் கையிலிருந்து விழாத நாளில்லை, நீ போட்டுவை.

டிஸ்ப்ளே தெரிந்து டச் மட்டும் செத்திருந்தால் இத்தனை பாடே வேண்டாம். ஓடிஜி அடாப்டரில் மௌஸைச் செருகினால் போன் திரையிலேயே அம்புக்குறி ஓடும். அடாப்டர் என் பீரோ மேல்தட்டில், ஊசிநூல் டப்பாவுக்குள் இருக்கிறது. எடுத்தால் அங்கேயே திருப்பி வை.